எதிராளிதான் தள்ள வேண்டும்

என் தம்பி மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயக் காடி, கார்தான், ஓட்டுகிறான். தொலைக்காட்சியில் வருகிற பெரிய மனிதர்களின் பந்தயம் இல்லை. ஆபீஸ் வேலைக்காரர்கள், வொர்க்‌ஷாப்காரர்கள், ஒரு பல் டாக்டர் என்று கூடி, எல்லாருக்கும் ஒரே மாதிரிச் சின்னக் காடி, ஒரே இன்ஜின், ஒரே டயர், அதற்கு மேல் ஒரு சாமான் சேர்க்கக் கூடாது என்று விதி வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். ஒருவன் காடி மக்கர் பண்ணினால் அவனோடு போட்டி போடுகிறவனே சாமானைக் கழற்றிக் கொடுத்து ஓட வைப்பானாம். அந்தச் சிநேகிதத்துக்காகத்தான் போகிறேன் அத்தை என்கிறான். இப்படி ஒரு பந்தயம் இதற்கு முன் உலகத்திலேயே இருந்ததில்லை என்ற நினைப்பு அவனுக்கு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பின் காரணத்தை என் வயதுக்காரர்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நமக்கெல்லாம் மூட்டுவலி ஒன்றுதான் பொதுச் சொத்து என்று நினைத்துவிடாதீர்கள். நம்மில் பலர் பால்பேரிங் சக்கரத்தின் மேல் உட்கார்ந்து தார்ச்சடக்கில் பறந்தவர்கள். முழங்கையில் தழும்பு இருக்கும், தேடிப் பாருங்கள்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் எனக்குப் பதினொரு வயது. மலாக்காவின் காஜா பேராங்கில், செட்டி கம்போங் என்ற குடியிருப்பை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. அப்பா சாலைக்குத் தார் ஊற்றிச் சடக்கு போடும் கூட்டத்துக்கு மண்டோர், மேஸ்திரி. ரப்பர் எஸ்டேட்டில் பிறந்து, பால்மரம் சீவி, அங்கிருந்து ஒரு துணிப்பையோடு மலாக்கா டவுனுக்கு வந்தவர். அவர் சட்டையைத் துவைத்தாலும் தார் வாசனை போகாது. அம்மா அதைத் தனியாகத்தான் காயப்போடுவார்.

எங்கள் வண்டிக்குப் பெயர் கெரேத்தா சோரோங். தள்ளுவண்டி, அவ்வளவுதான். சவர்க்காரம் வந்து இறங்கிய பலகைப் பெட்டி ஒன்று, அடியில் குறுக்குச் சட்டம் இரண்டு, லோரி வொர்க்‌ஷாப்பில் தேய்ந்துபோய் வீசிய பால்பேரிங் நான்கு, முன்சட்டத்தைத் திருப்ப ஒரு கயிறு. பிரேக் கிடையாது. காலைத் தரையில் தேய்த்தால் நிற்கும், சிலிப்பரும் தேயும். அது ஓடும்போது எழும் இரைச்சல் இருக்கிறதே, தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி, பல்லெல்லாம் கூசும். எங்கள் சந்தில் மத்தியானம் தூங்க நினைத்தவர்கள் எல்லாரும் எங்களைச் சபித்திருக்கிறார்கள்.

மூன்று வண்டிகள். ஒவ்வொன்றுக்கும் ஓட்ட ஒருவர், தள்ள ஒருவர். எங்கள் வண்டியை நான் ஓட்டுவேன், தம்பி தள்ளுவான். இரண்டாவது வண்டி செட்டி வீட்டுப் பிள்ளைகளுடையது, தங்கை ஓட்டுவாள், அண்ணன் தள்ளுவான். பல தலைமுறைக்கு முன் வந்து தங்கிவிட்ட தமிழ் வியாபாரிகளின் வம்சம். அவர்கள் வீட்டு வாசலில் மாவிலை தொங்கும், நெற்றியில் விபூதி இருக்கும், வாயைத் திறந்தால் மலாய்தான் வரும். மூன்றாவது வண்டியில் சைக்கிள் கடைத் தவுக்கேயின் மகனும் தபால்காரர் மகனும். ஒரு சீனப் பையன், ஒரு மலாய்ப் பையன். இரண்டு வண்டிகள் ஓடும்போது மூன்றாவது வண்டிக்காரர்கள் நடுவர்கள்.

சட்டம் போட்டதெல்லாம் நாங்களேதான். எல்லாருக்கும் கிடைக்காத சாமான் யாருக்கும் கூடாது என்பது முதல் சட்டம். அதை முன்மொழிந்தவன் சைக்கிள் கடைக்காரர் மகன் என்பதுதான் விசேஷம். அவன் நினைத்திருந்தால் ரப்பர் டயர் போட்ட சக்கரமே மாட்டியிருக்கலாம். அப்படி மாட்டினால் தன்னோடு ஓட ஆள் இருக்காது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அவன் கடையின் பின்பக்கம்தான் எங்கள் பட்டறை. பால்பேரிங்குகளை மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவுவோம், பிறகு தேங்காயெண்ணெய் விடுவோம். மூன்று வண்டியின் பேரிங்கும் ஒரே தகரத்தில் கிடக்கும். எது யாருடையது என்று பிரித்து எடுத்த ஞாபகம் எனக்கு இல்லை. ஒன்று வெடித்துப்போனால் அன்றைக்கு ஓடாத வண்டியிலிருந்து கழற்றிப் போட்டுக்கொள்வோம்.

இரண்டாவது சட்டம்தான் எங்கள் சந்தைத் தவிர வேறெங்கும் இருந்திருக்காது. அது பிறந்த கதை கொஞ்சம் அசிங்கமானது. முதல் ஓட்டத்தில் என் தம்பி, தன் வண்டியைத் தள்ளுவதை விட்டுவிட்டு, செட்டி வீட்டு வண்டியை உதைத்துக் கால்வாயில் இறக்கினான். அடுத்த ஓட்டத்தில் செட்டி வீட்டுப் பையன் எங்கள் வண்டியைக் கால்வாயில் இறக்கினான். எனக்கு முழங்கை பிய்ந்தது. நடுவராக நின்ற தபால்காரர் மகன் சலித்துப்போய், அடுத்தவர் வண்டியைத் தள்ளுவதில் உங்களுக்கு இவ்வளவு ஆசையென்றால் அதையே தள்ளித் தொலையுங்கள் என்று தீர்ப்புச் சொன்னான். விளையாட்டாகச் சொன்னதுதான். அப்படியே ஓடிப் பார்த்தோம். அன்றிலிருந்து என்னைச் செட்டி வீட்டுப் பையன் தள்ளுவான், அவன் தங்கையை என் தம்பி தள்ளுவான். எதிராளிதான் தள்ள வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். காஜா பேராங் சமதரை, சரிவே கிடையாது. தண்ணீர்ப் பைப்படியில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருப்போம். அதுவரைக்கும்தான் தள்ளலாம். கோட்டில் ஒரு கடைசித் தள்ளு, பிறகு வண்டி தானாக வளைவைக் கடந்து மதகுவரை ஓட வேண்டும். அந்தக் கடைசித் தள்ளு என் எதிராளி கையில். பெட்டிக்குப் பின்பலகை இல்லாததால் முதுகில் கை வைத்துத்தான் தள்ள வேண்டும். சுணங்கினால் முதுகிலேயே தெரிந்துவிடும். ஆனால் யாரும் சுணங்கியதில்லை. நாம் சுணங்கினால் நம் வீட்டுப் பிள்ளையின் முதுகிலும் ஒரு கை இருக்கிறது என்ற பயம் முதலில் இருந்தது. போகப் போக அந்தப் பயமும் மறந்துபோய்விட்டது. தள்ளுகிறவனுக்குத் தள்ளுகிற வண்டி ஜெயித்தால் சந்தோஷமாக இருந்தது. தன் வண்டி தோற்றதை அப்புறம்தான் நினைத்துக்கொள்வான்.

இந்த நிலைமையில்தான் சுதந்திர ஏற்பாடுகள் வந்தன. சந்துப் பெரியவர்கள் கூடி ஒரு லோரியை ஜோடித்து, மேளத்தோடு பந்தார் ஹிலிர் திடலுக்கு ஊர்வலம் போவது என்று முடிவு செய்தார்கள். அன்று காலை பிள்ளைகளின் வண்டிப் பந்தயமும் நடக்கும், ஜெயிக்கிறவர் லோரியின் முன்னால் நின்று புதுக் கொடியைப் பிடித்துக்கொண்டு வரலாம் என்றார்கள். எங்கள் சத்தத்தைச் சபித்தவர்களே இப்படிச் சொன்னது எங்களுக்கு ஆச்சரியம்.

எனக்கு அந்தக் கொடி வேண்டும். வேறு எதையும் அப்படி ஆசைப்பட்டதில்லை. நான் அதைப் பத்திரிகையில்தான் பார்த்திருந்தேன், அதுவும் கறுப்பு வெள்ளையில். எந்தக் கோடு சிவப்பு, எது வெள்ளை என்று வாத்தியாரைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அம்மாவின் துடைப்பக்கட்டையில் துண்டைக் கட்டி, அடுப்படியில் நின்று பிடித்துப் பழகினேன். கொடி பிடிக்கிறவள் முதலில் தலையைச் சீவட்டும் என்றார் அம்மா.

மூன்றாவது வண்டி முன்னமே தோற்றுப்போனதால், நானும் செட்டி வீட்டுத் தங்கையும்தான் கடைசி ஓட்டம் ஓட வேண்டும். அதற்கு முந்தைய வாரம் ஒத்திகை ஓட்டம் ஒன்று வைத்தோம். பைப்படியில் பெண்கள் கெராங் சிப்பி கழுவிய நாள் அது. கோடு நெருங்கும்போது என் முதுகிலிருந்த கை திடீரென்று விலகியது. வண்டி சுணங்கி வளைவிலேயே நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். செட்டி வீட்டுப் பையன் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தான். உடைந்த சிப்பி ஓடு குதிகாலில் ஏறியிருந்தது.

அந்த நேரம் பார்த்து அப்பா வேலை முடிந்து சைக்கிளில் வந்தார். அவர் கண்ணில் பட்டது கை விலகியது மட்டும்தான். காலை அவர் பார்க்கவில்லை. சைக்கிளை அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டு வந்து, அத்தனை பேர் முன்னால் அந்தப் பையனை மலாயில் திட்டினார். தங்கச்சி ஜெயிக்க என் பிள்ளையை ஏமாற்றுகிறாயா என்று கேட்டார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பெரியவர்களை எதிர்த்துப் பேசும் வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை. காலைச் சடக்கோரத்து மணலில் அழுத்திக்கொண்டான். நாங்கள் எடுத்துச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் நான் சொன்னதை அவர் நம்பவில்லை. குத்தியிருந்தால் கத்தியிருக்க மாட்டானா என்றார். கடைசி ஓட்டத்தில் உன்னை நான்தான் தள்ளுவேன், எவன் வந்து கேட்கிறான் பார்க்கலாம் என்றார்.

"அப்பா நம்ம வண்டியத் தள்ள முடியாது. நம்ம ஆளு அவங்க வண்டியத்தான் தள்ளணும்."

"எவன் போட்ட சட்டம் அது?"

"நாங்க போட்டதுப்பா."

அவருக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் என்று இப்போது தெரிகிறது. கையைக் கழுவிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். "எஸ்டேட்ல நம்ம முதுகுல கை வச்சவனெல்லாம் நம்மளக் கீழ தள்ளத்தான் வச்சான். நீ ஏம்மா தானா போயி முதுகக் காட்டிக்கிட்டு உக்கார்ற?" என்றார். சட்டத்தை மீறினால் நான் வண்டியில் உட்கார மாட்டேன், கொடியும் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். கொடி வேண்டாம் என்று சொல்ல மனமே இல்லை. ஆனாலும் சொன்னேன். பிடிவாதத்தில் நான் அப்பா மகள்தான்.

மறுநாள் சாயங்காலம் அவரே சைக்கிள் கடையின் பின்பக்கம் வந்தார். பிள்ளைகளை மிரட்டிக் காரியத்தை முடித்துவிடலாம் என்ற எண்ணம். தபால்காரர் மகன் எழுந்து நின்று, மரியாதையாகத்தான் சொன்னான். தம்பிக்குப் பதிலாகப் பாக்சிக், அதாவது மாமா, தாராளமாக வரலாம், ஆனால் வந்தால் அவர்கள் வண்டியைத்தான் தள்ள வேண்டும். செட்டி வீட்டுத் தங்கை பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள், ஒன்பது வயது, இரட்டைச் சடை, என் பாதி எடை. அவள் அண்ணன் காலில் துணி சுற்றிக்கொண்டு பேரிங் துடைத்துக்கொண்டிருந்தான், நிமிரவில்லை. அப்பா கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று எல்லாரும் நினைத்தோம். அவரோ போலே, சரி என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் தம்பியின் தலையைத் தடவி, "கவலப்படாத, நான் பாத்துக்கிறேன்" என்று கண்ணடித்தார். அவர் ஏன் ஒத்துக்கொண்டார் என்று விளங்கிவிட்டது. அந்தப் பையன் செய்ததாக அவர் நம்பியதையே அவரும் செய்யப் போகிறார். கோட்டுக்கு வந்ததும் கையை விட்டுவிடுவார்.

விடக் கூடாது அப்பா என்று அன்றைக்கே சொன்னேன். நீ ஓட்டுவதைப் பார் என்றார். மற்றவர்களிடம் போய் என் அப்பா ஏமாற்றப் போகிறார் என்று எப்படிச் சொல்வது? அம்மாவிடம் சொன்னேன். அம்மா, உன் அப்பாவைத் திருத்துவது என்னாலேயே ஆகவில்லை என்றார். அதனால் ஒரு முடிவுக்கு வந்தேன். யார் கை விட்டாலும் விடாவிட்டாலும் நான் ஜெயிக்க வேண்டும். அப்பா விட்டதால் ஜெயித்தாள் என்று யாரும் சொல்ல முடியாதபடி, வெகு தூரம் முன்னால் போய் ஜெயிக்க வேண்டும். அந்த வாரம் முழுக்க பள்ளிக்கூடம் விட்டதும் வளைவில் வண்டியைத் திருப்பித் திருப்பிப் பழகினேன். என்னைத் தள்ளியது யார் என்று நினைக்கிறீர்கள்? காலில் துணியோடு அந்தச் செட்டி வீட்டுப் பையன்தான். பழக்கத்துக்குத் தள்ளினால் உன் தங்கை தோற்றுவிடுவாளே என்று கேட்டதற்கு, தோற்றால் தோற்கட்டும், நீ வளைவில் கயிற்றைச் சீக்கிரம் இழுக்கிறாய், கொஞ்சம் பொறுத்து இழு என்றான்.

சுதந்திர நாள் காலை வானம் மூடியிருந்தது, மழை இல்லை. சந்து முழுக்க ஜனம். மாடியில் சிலர், மதகின் மேல் சிலர், வறுத்த கச்சான் கடலை விற்க ஒருவர்கூட வந்துவிட்டார். லோரி தென்னங்குருத்துத் தோரணத்தோடு நின்றது. அதன் முன்பக்கத்தில் கொடி, நிஜமான நிறத்தில். அவ்வளவு சிவப்பாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தச் சின்னப் பெண்ணின் பின்னால் குனிந்தார். ஜனங்கள் சிரித்தார்கள். அவள் திரும்பி அவரை அண்ணாந்து பார்த்து, எனக்கு வளைவென்றால் பயம், நேராகத் தள்ளுங்கள் பாக்சிக் என்று மலாயில் கேட்டுக்கொண்டாள். என் முதுகில் இரண்டு கைகள் வந்து உட்கார்ந்தன, சூடாக. "ஜாங்கான் தாக்கோத்" என்றான் செட்டி வீட்டுப் பையன். பயப்படாதே.

தபால்காரர் மகன் கைக்குட்டையைக் கீழே இறக்கினான். பேரிங் இரைச்சலில் மேளம் கேட்கவில்லை. என் பின்னால் நொண்டிக் கால் தரையில் அறைகிற சத்தம் மட்டும் கேட்டது. அவன் மூச்சு என் கழுத்தில் பட்டது. இரண்டு வண்டியும் சமமாக வந்தன. ஓரக்கண்ணால் அப்பாவைப் பார்த்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு ஓடி வந்தார். கோடு வந்தது. அந்தப் பையன் என்னைத் தள்ளிய தள்ளில் என் கழுத்து பின்னால் போய் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு தள்ளு நான் வாங்கியதில்லை. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். வளைவில் பொறுத்துக் கயிற்றை இழுத்தேன், வண்டி அழகாகத் திரும்பியது.

அப்போது என் பக்கத்தில் இரட்டைச் சடை ஒன்று என்னைத் தாண்டிப் போயிற்று. வளைவில் அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள் என்று சத்தியம் செய்வேன். மதகை அவள்தான் முதலில் தொட்டாள், என்னைவிட ஒரு பெட்டி நீளம் முன்னால்.

நான் வண்டியிலேயே உட்கார்ந்து அழுதேன். கூச்சமில்லாமல், வாயைத் திறந்துகொண்டு அழுதேன். சுத்தமாக ஜெயிக்க வேண்டும் என்று அத்தனை வீறாப்புப் பேசியவள்தான். ஆனால் அந்தச் சிவப்புத் துணி அவள் கைக்குப் போவதைப் பார்த்தபோது, அப்பா கொஞ்சம் விட்டிருக்கக் கூடாதா என்றுதான் இருந்தது. ஜனங்கள் அவளைத் தூக்கி லோரியில் நிறுத்தினார்கள். அவளுக்குக் கொடிக்கம்பு பெரிதாக இருந்தது. அவள் அண்ணன் ஏறவில்லை, கீழே லோரியின் பக்கத்தில் நடந்தான். ஜெயித்தவர் மட்டும்தானே ஏறலாம்.

ஊர்வலம் புறப்பட்டது. தம்பி வண்டியைக் கயிற்றால் இழுத்துக்கொண்டு வந்தான். அப்பா என் பக்கத்தில் நடந்தார். இன்னும் அவருக்கு மூச்சு வாங்கியது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அவராகவே பேசினார்.

"அந்தப் பையன் அன்னிக்கி வேணும்னு கைய எடுக்கலம்மா."

"நான் அப்பவே சொன்னேன், நீங்கதான் நம்பல. இப்ப மட்டும் எப்படித் தெரியும்?"

அப்பா தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"நான் எடுக்கணும்னுதான் ஓடுனேன். கோடு வர்ற வரைக்கும் எடுக்கணும்னுதான் நெனச்சேன். அந்தப் புள்ள முதுகு நடுங்கிக்கிட்டே இருந்துச்சு. என்னால முடியல."

பிறகு அவர் என்னைவிட்டு வேகமாக முன்னால் நடந்தார். லோரியின் பக்கத்தில் நொண்டிக்கொண்டு போன பையனிடம் குனிந்து என்னவோ சொன்னார். மேளச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அவன் தலையை ஆட்டினான். அப்பா அவனை இடுப்பில் பிடித்துத் தூக்கி, ஊர்ந்துகொண்டிருந்த லோரியில், அவன் தங்கைக்குப் பக்கத்தில் ஏற்றிவிட்டார்.